பழைய சுண்ணாம்புக் குகைக்குள் குடும்பத்தோடு போகலாமா?

விடுமுறைக்குக் கிராமப்பக்கம் போகிறோம், தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் பழம்பெருமை உள்ள சுண்ணாம்புக் குகை ஒன்று இருக்கிறது, பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாமா, எதையெல்லாம் கவனிக்க வேண்டும், அங்கே ‘எதையும் தொடாதே’ என்று ஏன் அவ்வளவு கண்டிப்பு என்பதுதான் கேள்வி.

தாராளமாகப் போகலாம். கிளம்பும் முன் இரண்டு விஷயங்களை மட்டும் கட்டாயம் விசாரித்துக்கொள்ளுங்கள்: ஒன்று மழை, இன்னொன்று படிக்கட்டு. மற்றவை எல்லாம் சமாளிக்கக்கூடியவை. குகைக்குள் வழுக்குவது, புழுங்குவது, வெள்ளம் புகுவது, தொடக்கூடாது என்று தடுப்பது, இத்தனைக்கும் மூலம் தண்ணீர்தான். கூரையிலிருந்து விழுகிற ஒரு சொட்டு அங்கே என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டால், வாசலில் மாட்டியிருக்கும் விதிமுறைப் பலகையில் பாதியை நீங்களே எழுதிவிடுவீர்கள்.

மழைநீர் காற்றில் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் வாயுவால் அது பல மடங்காகிறது. இப்படி லேசான அமிலமாகிவிட்ட நீர், சுண்ணாம்புக்கல்லின் விரிசல்களில் கசிந்து கல்லைக் கரைத்துக்கொண்டே இறங்கும். குகையின் கூரைக்கு வந்து காற்றைத் தொட்டதும், சோடா பாட்டிலைத் திறந்தால் வாயு வெளியேறுவது போல அந்த நீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிகிறது. கரைத்து வைத்திருந்த சுண்ணாம்பை அதனால் இனிமேல் சுமக்க முடியாது. சொட்டின் விளிம்பைச் சுற்றி மெல்லிய வளையமாக விட்டுவிட்டுக் கீழே விழுகிறது. அடுத்த சொட்டு அதே இடத்தில் இன்னொரு வளையம். வளையத்தின் மேல் வளையமாகச் சேர்ந்து, உறிஞ்சுகுழல் போல உள்ளே ஓட்டையான ஒரு குழாய் தொங்குகிறது. அதன் தடிமன் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர், அதாவது ஒரு சொட்டின் அகலம். சுவர் முட்டை ஓடு மாதிரி. ஓட்டை அடைத்துக்கொண்டால் நீர் வெளிப்பக்கமாக வழியத் தொடங்கும். அதற்குப் பிறகுதான் மேலே பருத்துக் கீழே கூம்பிய கல்விழுது உருவாகிறது. கீழே விழுந்து தெறிக்கிற சொட்டு மிச்சச் சுண்ணாம்பைத் தரையில் படியவைத்துக் கல்முளையை வளர்க்கிறது. இரண்டும் சந்தித்தால் தூண்.

வேகம் இடத்துக்கு இடம் மாறும். ஆண்டுக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் உள்ளங்கை அகலத்துக்கு வளர ஆயிரம் வருடம் ஆகும். ‘இது இத்தனை லட்சம் வருடம் பழையது’ என்று வழிகாட்டி அளந்துவிட்டது போலச் சொன்னால் அப்படியே நம்ப வேண்டியதில்லை. நீளத்தை வைத்து வயது சொல்ல முடியாது. நடுவில் நூற்றுக்கணக்கான வருடங்கள் சொட்டே விழாமல் இருந்திருக்கலாம்.

இப்போது அந்தக் கல்விழுதை ஒருவர் தொடுகிறார் என்று வையுங்கள். விரலிலுள்ள எண்ணெய்ப் பசை கல்லில் ஒட்டுகிறது. நீர் அந்த இடத்தில் சீராகப் பரவாமல் விலகிப்போகிறது, சுண்ணாம்பு படிவது குலைகிறது. பசையில் தூசி ஒட்டிப் பழுப்பேறுகிறது. ஆயிரம் பேர் தொட்ட கல்முளை கோயில் தூண் மாதிரி வழவழவென்று கறுத்துக் கிடப்பதைப் பல குகைகளில் பார்க்கலாம். வெளியே ஒரு பாறையில் கை வைத்தால் அடுத்த மழை கழுவிவிடும். உள்ளே மழையும் இல்லை, வெயிலும் இல்லை, காற்றும் பெயருக்குத்தான். எது வைத்தாலும் வைத்தபடி இருக்கும். ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னா குகையில், ஜெர்மானியப் படைகள் உள்ளே பதுக்கியிருந்த எரிபொருள் 1944-ல் கொளுத்தப்பட்டது. வாசல் பக்கச் சுவர்களில் அந்தக் கரி இன்றும் இருக்கிறது.

தொடுவது கண்ணுக்குத் தெரிகிற கெடுதல். மூச்சு தெரியாத கெடுதல். ஆதிமனிதர்களின் ஓவியங்கள் உள்ள பிரான்ஸின் லாஸ்கோ குகை 1940-ல் கண்டுபிடிக்கப்பட்டு 1948-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தினம் 1,200 பேர் வரை வந்து போனார்கள். அத்தனை பேரின் உடற்சூடும் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து, ஓவியங்களின் மேல் பச்சைப் பாசியும் வெண்ணிறச் சுண்ணாம்புப் படலமும் கட்டத் தொடங்கின. 15 வருடத்தில், 1963-ல், குகையையே மூடிவிட்டார்கள். பதினேழாயிரம் வருடம் போல அப்படியே இருந்த ஓவியங்கள்! இன்று அங்கே மக்கள் பார்ப்பது பக்கத்தில் கட்டிய நகலைத்தான். எனவே ஒரு குகையில் ‘இந்த நேரத்துக்கு இத்தனை பேர்தான்’ என்று திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள். அது நல்ல நிர்வாகத்தின் அடையாளம். விளக்குகளைப் பின்னாலேயே அணைத்துக்கொண்டு வருவதும் அப்படித்தான். எந்நேரமும் எரிகிற விளக்கைச் சுற்றி, வெளிச்சம் படும் வட்டத்தில் மட்டும் பச்சைப் பசேலென்று பாசி பிடித்திருக்கும். அதை அழகு என்று படம் பிடிப்பவர்கள் உண்டு. உண்மையில் அது அந்தக் குகைக்கு வந்திருக்கும் வியாதி.

சரி, உடைக்கு வருவோம். ‘குகை என்றால் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துப் போ’ என்பது குளிர்நாட்டு அறிவுரை. குகையின் ஆழத்தில் இருக்கும் வெப்பம், வெளியே அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். கோடையானாலும் குளிர்காலமானாலும் பெரிதாக மாறாது. போஸ்டோய்னாவில் சுமார் 10 டிகிரி செல்சியஸ், அமெரிக்காவின் மாமத் குகையில் சுமார் 12. அங்கே மேலங்கி இல்லாமல் ஒரு மணி நேரம் நின்றால் பல் கிட்டிவிடும். ஆந்திரத்தின் பெலம் குகை மாதிரி வெப்பநாட்டுக் குகைகளில் கதை தலைகீழ். சராசரியே 27, 28 டிகிரி. ஈரப்பதமோ கிட்டத்தட்ட 100 சதவீதம். வேர்வை காயவே காயாது, உடம்பு ஆறாது. அங்கே மெல்லிய முழுக்கால் சட்டையும், ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீரும் போதும். ஜீன்ஸ் ஈரமானால் கனத்துக் காலோடு ஒட்டிக்கொள்ளும், தவிர்த்துவிடுங்கள். எந்த ஊராக இருந்தாலும் மாற்றுத்துணி ஒரு செட் வண்டியில் இருக்கட்டும். செம்மண் சகதி துணியில் பட்டால் சுலபத்தில் போகாது.

காலில் என்ன போடுகிறீர்கள் என்பதுதான் உடையைவிட முக்கியம். குகைகளில் அடிபடுவது பெரும்பாலும் வழுக்கி விழுந்துதான், பாம்பு கடித்தோ கல் விழுந்தோ அல்ல. ஈரக்கல்லின் மேல் களிமண் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். சோப்புப் போட்ட தரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அடிப்பாகம் மென்மையான ரப்பராக, ஆழமான பள்ளங்களோடு, குதிகாலை மூடிய ஷூ வேண்டும். கெட்டி பிளாஸ்டிக் அடிப்பாகம் உள்ள செருப்பு, தேய்ந்த ஓட்டப்பயிற்சி ஷூ இரண்டும் ஆகாது. இறங்கும்போது குதிகாலை முதலில் ஊன்றாமல் பாதத்தை முழுவதுமாகப் பதித்து வையுங்கள். கைப்பிடி இருந்தால் அதைப் பிடிக்கலாம், பிடிக்கவும் வேண்டும். ஒரு கை எப்போதும் காலியாக இருக்கட்டும். போனில் டார்ச் அடித்துக்கொண்டே, இன்னொரு கையில் குழந்தையோடு படி இறங்குவது வேண்டாத வேலை. தலையில் மாட்டும் விளக்கு ஒன்று, 200 லூமன் வெளிச்சம் தருவதாக (அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும்), போதுமானது. மின்விளக்கு உள்ள குகையில்கூட மின்சாரம் போகும். போனால் நடக்காதீர்கள், நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

குனிந்து போகும் இடங்களில் தலை இடிபடுவது நுழையும்போது அல்ல, முடிந்துவிட்டது என்று நினைத்து நிமிரும்போது. இன்னும் இரண்டடி குனிந்தபடியே போய்விட்டு நிமிருங்கள். முதுகுப்பையும் அங்கேதான் வில்லங்கம் செய்யும். நீங்கள் குனிந்திருப்பீர்கள், பை கூரையில் உரசி, நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்த உறிஞ்சுகுழல்களைக் கொத்தாக முறித்துப் போடும். அப்படி முறிந்தது கீழே விழும் சத்தம்கூடக் கேட்காது. சின்னப் பையாக எடுத்து நெஞ்சுப்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். குழந்தையை முதுகில் தொட்டில் போலச் சுமக்கும் சட்டகம் வேண்டவே வேண்டாம். குழந்தையின் தலை உங்கள் தலைக்கு மேலே இருக்கும், நீங்கள் தப்பித்த பாறை அதன் நெற்றியில் இடிக்கும். நெஞ்சோடு அணைத்துக் கட்டும் துணிப்பைதான் சரி.

படிக்கட்டு பற்றி விசாரிக்கும்போது எத்தனை படி என்பதோடு நிறுத்தாதீர்கள். திரும்பி வருவதும் அதே வழியா, நடுவில் உட்கார இடம் உண்டா, பாதியில் திரும்பலாமா என்றும் கேளுங்கள். மலை ஏறினால் சிரமம் முதலில், இறங்குவது பிறகு. குகையில் அநேகமாக இறக்கம் முதலில் வரும். களைத்த பிறகு, ஈரக்காற்றில், 200 படி ஏற வேண்டியிருக்கும். முழங்கால் வலி, இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த ஏற்றத்தை மனதில் வைத்து முடிவு செய்யட்டும். மூடிய இடம் என்றால் படபடப்பு வருபவர்கள் எங்கே மிகக் குறுகல் என்று முன்கூட்டியே கேட்டுவைத்து, கூட்டமில்லாத முதல் சுற்றில், வழிகாட்டிக்கு அடுத்த ஆளாகப் போனால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். வரிசையின் நடுவில் முன்னும் பின்னும் ஆட்கள் அடைத்துக்கொண்டு நிற்பதுதான் படபடப்பைக் கூட்டும். கழிவறை வேலையை வெளியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். தின்பண்டம் உள்ளே வேண்டாம். சிந்துகிற ஒரு துணுக்கு போதும், பூஞ்சை அங்கே பிடித்துக்கொள்ளும். குளத்தில் காசு போடுவதும் கூடாது. உலோகம் அரித்துத் தண்ணீரை நஞ்சாக்கும், அதில் கண் தெரியாத சிற்றுயிர்கள் வாழ்கின்றன.

மழைதான் எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது. சுண்ணாம்புப் பாறை மலை சல்லடை போன்றது. எங்கோ மேட்டில் பெய்த மழை, நீரைத் தரைக்குள் விழுங்கும் பள்ளங்கள் வழியே இறங்கி, ஓடை போகிற குகைக்குள் சில மணி நேரத்திலேயே பாயலாம். வாசலில் வெயில் அடிக்கும்போதே உள்ளே தண்ணீர் ஏறும். 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் இப்படித்தான் சிக்கினார்கள். கடைசி ஆளை வெளியே கொண்டுவர ஜூலை 10 ஆகிவிட்டது. மீட்புப் பணியில் முன்னாள் கடற்படை முக்குளிப்பவர் ஒருவர் உயிரிழந்தார். ஆகவே குகை இருக்கும் ஊரின் வானிலையை மட்டும் பார்க்காமல், அதற்கு மேலே உள்ள மலைப்பகுதியின் வானிலையையும் பாருங்கள். உள்ளே போனதும் சுவரைக் கவனியுங்கள். தலைக்கு மேலே இடுக்கில் காய்ந்த சருகும் குச்சியும் செருகியிருந்தால், தண்ணீர் அந்த உயரம்வரை வந்திருக்கிறது என்று அர்த்தம். தெளிந்த ஓடை கலங்குவது, சருகும் நுரையும் மிதந்து வருவது, நீரின் இரைச்சல் கூடுவது ஆகியவை ‘கிளம்பு’ என்று சொல்லும் அறிகுறிகள். வெளியேறும் வழி தாழ்வாக இருந்து அங்கே ஏற்கெனவே நீர் நிரம்பியிருந்தால், நீந்திக் கடக்கப் பார்க்காதீர்கள். எட்டக்கூடிய மிக உயரமான இடத்தில் ஏறி, விளக்குகளில் ஒன்றை மட்டும் எரியவிட்டுக் காத்திருப்பதே பிழைக்கும் வழி.

இவையெல்லாம் டிக்கெட், வழிகாட்டி, விளக்கு உள்ள குகைகளில் அநேகமாக நிர்வாகமே பார்த்துக்கொள்ளும். பக்கத்துக் காட்டில் இன்னொரு குகை இருக்கிறது, யாரும் போவதில்லை என்று ஊரார் காட்டினால், வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். உள்ளே போவதற்கு ஹெல்மெட், ஆளுக்கு மூன்று விளக்கு, குறைந்தது நான்கு பேர், குகையறிந்த ஒருவர், எப்போது திரும்புவோம் என்று தெரிந்த ஒருவர் வெளியில், இத்தனையும் வேண்டும். நான்கு பேர் ஏன்? ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணைக்கு இருக்க, இரண்டு பேர் சேர்ந்து உதவிக்கு வெளியே போகலாம்.

காற்று பற்றியும் ஒரு வார்த்தை. தாழ்வான, காற்றோட்டமில்லாத பள்ளங்களில், இலைதழை மட்கும் இடங்களில், கார்பன் டை ஆக்சைடு தேங்கலாம். வேலை எதுவும் செய்யாமலே மூச்சு வாங்கினால், தலை கனத்து வலித்தால், பேசாமல் வந்த வழியே மேலே ஏறிவிடுங்கள். குழந்தைகளின் மூக்கு தரைக்கு அருகில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். தீக்குச்சி கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள், நம்பாதீர்கள். சுடர் அணைவது முக்கியமாக ஆக்சிஜன் குறைவதால். சுடர் நன்றாக எரியும்போதே கார்பன் டை ஆக்சைடு உடம்பைப் படுத்தும் அளவில் இருக்கக்கூடும்.

வௌவால்கள் கூரையில் கொத்தாகத் தொங்கினால் வெளிச்சத்தை அவற்றின் மேல் அடிக்காமல், சத்தம் போடாமல் கடந்துவிடுங்கள். குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் அவை சேர்த்துவைத்த கொழுப்பில் உறங்கிக் கிடக்கும். ஒருமுறை எழுப்பிவிட்டால் வசந்தம்வரை தாங்க வேண்டியதில் ஒரு பகுதி வீணாகும். கீழே விழுந்து கிடக்கும் வௌவாலைக் கையால் எடுக்கவே கூடாது, வெறிநாய்க்கடி நோய்க் கிருமி அதில் இருக்கலாம். அவற்றின் எச்சம் காய்ந்து தூசியாகக் கிடக்கும் இடத்தைக் கிளறினால் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை நுரையீரலுக்குள் போகலாம். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், அதைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் அப்படிப்பட்ட குகைகளைத் தவிர்ப்பதே நல்லது. போய்வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால் குகைக்குப் போனதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாகச் சொல்லாவிட்டால் அவருக்கு அந்த எண்ணமே வராது.

பயமுறுத்தியது போதும், எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். வெயிலிலிருந்து நேராக உள்ளே போனால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றும் தெரியாது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். வெளியே காத்திருக்கும்போதே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் உள்ளே சீக்கிரம் தெளியும். ஸ்பெயினின் அல்டமிரா குகையில் 1879-ல் சவுத்துவோலா என்பவர் பழங்காலப் பொருள்களைத் தேடித் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடப் போயிருந்த சின்ன மகள் மரியா அண்ணாந்து பார்த்தாள், கூரையில் காட்டெருமைகள் இருந்தன. படி தாண்டியதும் நின்று, நீங்களும் மேலே பாருங்கள். கூரையில் கரித்திட்டு இருந்தால், அது பழைய தீப்பந்தமாகவோ சமையல் தீயாகவோ இருக்கலாம். மாமத் குகையின் கூரையில், மெழுகுவர்த்திப் புகையாலேயே பெயர் எழுதிவைத்துப் போன 19-ஆம் நூற்றாண்டுப் பயணிகளின் கையெழுத்துகள் இருக்கின்றன. 1812 போர்க் காலத்தில் வெடிமருந்துக்கு வெடியுப்பு எடுக்க அடிமைத் தொழிலாளர்கள் பயன்படுத்திய மரத்தொட்டிகளும் குழாய்களும்கூட அங்கே மட்காமல் கிடக்கின்றன. அந்தக் கிறுக்கல் வரலாறு, இன்றைய கிறுக்கல் குற்றம் என்றால் கொஞ்சம் ஓரவஞ்சனையாகத்தான் படும். ஆனால் அன்று போனவர்கள் கொஞ்சம் பேர், இன்று லட்சக்கணக்கில் போகிறோம்.

முறிந்த கல்விழுது ஒன்று கண்ணில் பட்டால் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். மரத்தில் போல வளையம் வளையமாகத் தெரியும். வெள்ளை வளையம் கலப்பில்லாத கால்சைட் (படிகமான சுண்ணாம்பு), பழுப்பும் செம்மையும் மண்ணிலிருந்து வந்த இரும்பும் தாவர அமிலமும். முறிந்த முனையில் விரல்கணு அளவுக்கு ஒரு புது உறிஞ்சுகுழல் தொங்கினால், முறித்து வெகுகாலமாயிற்று என்று மட்டும் யூகிக்கலாம். பாறையில் யானை, முதலை, சாமி உருவம் என்று வழிகாட்டி காட்டும்போது பிள்ளைகள் ரசிக்கட்டும். கூடவே, எங்கே இப்போது சொட்டு விழுகிறது, எங்கே நின்றுவிட்டது என்று தேடச் சொல்லுங்கள். ஈரமாக மினுங்கினால் அது இன்னும் வளர்கிறது, மங்கிச் சுண்ணம் பூத்திருந்தால் நின்றுவிட்டது.

படம் எடுக்க ஃபிளாஷ் உதவாது. காற்றில் மிதக்கும் ஈரத்துளிகள் வெள்ளைப் புள்ளிகளாகப் பதியும், பாறை தட்டையாகிவிடும். போனைக் கைப்பிடிக் கம்பியில் சாய்த்து இரவு முறையில் இரண்டு மூன்று வினாடி அசையாமல் பிடியுங்கள். அளவு தெரிய ஓர் ஆளையும் சட்டத்துக்குள் நிறுத்துங்கள். ஏசி காரிலிருந்து எடுத்த கேமராவை வெப்பமான குகைக்குள் கொண்டுபோனால் லென்ஸில் பனி படரும். பைக்குள்ளேயே வைத்து அரை மணி நேரம் வெளிக்காற்றுக்குப் பழகவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. மூக்குக்கண்ணாடிக்கும் இதே கதைதான், ஒரு காய்ந்த துணி சட்டைப்பையில் இருக்கட்டும்.

வெளியே வந்ததும் ஷூவின் அடியிலுள்ள சகதியை அங்கேயே சுரண்டிவிடுங்கள். ஒரே பயணத்தில் இரண்டாவது குகைக்கும் போவதாக இருந்தால் வேறு ஷூ, வேறு துணி. வட அமெரிக்காவில் 2006-லிருந்து லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்ற வெண்மூக்கு நோயின் பூஞ்சை வித்துகள், சகதியோடு ஒட்டிக்கொண்டு குகை விட்டுக் குகை போகக்கூடியவை. சாதாரணத் துவைப்பில் அவை சாகாது. சகதியைக் கழுவிய பிறகு துணியை 55 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் 20 நிமிடம் முழுக்க அமிழ்த்தி வைத்துவிட்டு, பிறகு துவைத்துக் காயப்போடுங்கள்.